சாமான் வந்த தெருவும் வராத தெருவும்

2021 மே 24 அன்று, கொரோனா முழு ஊரடங்கில், தமிழ்நாட்டில் பலசரக்குக் கடைகளும் மூடப்பட்டன. பால், மருந்து, குடிநீர், செய்தித்தாள், வண்டியில் வரும் காய்கறி, பழம் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒரு வாரம் கழித்து, மே 31 முதல் ஒரு சின்னத் தளர்வு வந்தது. கடைக்காரர்கள் வண்டியிலோ தள்ளுவண்டியிலோ சாமான்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கலாம். போனிலோ ஆன்லைனிலோ கேட்பவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கொடுக்கலாம். நேரம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. கடையைத் திறந்து வாசலில் வியாபாரம் செய்யத்தான் கூடாது.

உத்தரவு போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம் அது. கடை வாசல் கூட்டத்தைக் கலைக்க வேண்டும், யார் வீட்டு அடுப்பும் அணைந்துவிடவும் கூடாது. ஆனால் அந்த உத்தரவை மறுபடி படித்துப் பார்த்தால், அதற்குள் ஒரு குறிப்பிட்ட வகை வீடு உட்கார்ந்திருப்பது தெரியும். அந்த வீட்டுக்கு மாதச் சம்பளம் வருகிறது. முதல் வாரத்தில் மாதச் சாமான் வாங்கும் பழக்கம் இருக்கிறது. கதவு எண் இருக்கிறது, வண்டி வந்து நிற்கத் தெரு இருக்கிறது, வாங்கியதை வைக்க இடம் இருக்கிறது. எஸ்.பி.பட்டினம், தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் தீவு, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று சாயல்குடிப் பக்கம் வரை நீளும் ராமநாதபுரம் கரையில் அப்படிப்பட்ட வீடுகள் இல்லாமல் இல்லை. ஆனால் கடலை நம்பி இருக்கும் குப்பங்களில் அவற்றைத் தேடத்தான் வேண்டும்.

அதனால்தான் ஊரடங்கில் இந்தக் கரையில் வீட்டுக்குச் சாமான் வந்த கதையைச் செயலி, வண்டி, டெலிவரி பையன் என்று ஆரம்பித்தால் பாதிதான் புரியும். ரொக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ராமேசுவரத்து விசைப்படகுகள் வாரம் முழுக்கக் கடலுக்குப் போவதில்லை. வாரத்தில் மூன்று நாள் போவதுதான் அங்கே நடைமுறை. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. படகு திரும்பி, மீன் எடை போட்டு, மீன் வாங்கும் கம்பெனிக்காரர் கணக்குப் பார்த்து, டீசல் செலவு கழித்து, பங்கு பிரித்த பிறகுதான் கூலி ஆளின் கையில் காசு வரும். சில நாள் ஆயிரம் வரும், சில நாள் டீக்காசு கூடத் தேறாது. காற்று அடித்தால், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், எல்லைப் பிரச்சினையில் வேலைநிறுத்தம் வந்தால், அதுவும் இல்லை. இப்படி வரும் காசில் மாதச் சாமான் வாங்க முடியாது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கு வாங்குவார்கள்: 50 ரூபாய்க்கு எண்ணெய், கால் கிலோ சீனி, ஒரு சின்ன பாக்கெட் டீத்தூள், 10 ரூபாய்க்குப் பூண்டு. வெளியூரிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது திட்டமிடாத வாழ்க்கையாகத் தெரியலாம். வருமானம் எந்தத் தாளத்தில் வருகிறதோ அந்தத் தாளத்தில் செலவு செய்கிறார்கள், அவ்வளவுதான். உப்புக் காற்றும் ஒரு காரணம். கடலுக்கு முந்நூறு அடியில் இருக்கும் ஓலைக் கொட்டகையில் இரண்டு கிலோ சீனியை வைத்தால் ஒரே வாரத்தில் கசிந்து பாகாகிவிடும். பருப்பில் வண்டு விழும். மூடி இறுகிய தகர டின் வைத்திருப்பவர்கள் வசதிக்காரர்கள்.

சரி, 50 ரூபாய் எண்ணெய்க்கு யார் வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள்? எக்ஸெல் வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டாமா? பெருநகரத்துச் செயலிகள் குறைந்தபட்ச ஆர்டர் தொகை வைப்பதும் இதே கணக்கில்தான். அந்தச் செயலிகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வீடுகள் நெருக்கமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு ஆர்டரும் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றாவது இல்லாத இடத்தில் அந்த வியாபாரம் நடக்காது.

இதற்கு மேல் தேதிகளும் சேர்ந்துகொண்டு கழுத்தை நெரித்தன. 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை வந்தது, மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. படகுகள் கரையில் கட்டப்பட்டன. ஏப்ரல் 10ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் கடல் மீன்பிடிப்புக்கு விலக்கு அளித்தது. நல்ல செய்திதான். ஆனால் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான ஆண்டு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15ஆம் தேதி தொடங்குகிறது. நடுவில் இருந்த நாட்களில் ஐஸ் கிடைக்கவில்லை, லாரி கிடைக்கவில்லை, மதுரைக்கும் கேரளாவுக்கும் மீன் போக வழியில்லை. விலக்கு தாளில் இருந்தது, படகு கரையில் இருந்தது. வழக்கமாக 61 நாள் இருக்கும் தடைக்காலத்தை அந்த ஆண்டு மே 31 வரை என்று 47 நாளாகக் குறைத்தார்கள். அப்படியும் மார்ச் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் கடல் காசு என்று ஒன்று இல்லை. 2021லும் முழு ஊரடங்கு வந்த மே மாதம் தடைக்காலத்துக்கு நடுவில்தான் விழுந்தது. அப்போது குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தடைக்கால நிவாரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு அது எவ்வளவு தாங்கியது என்பதை வீடு நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டும்.

அந்த இரண்டு ஆண்டும் இங்கே எது ஓடியது என்றால், பற்று நோட்டு ஓடியது.

தெக்கத்தி ஊர்களில் தெருமுனை அண்ணாச்சி கடையில் ஒரு நீள நோட்டு தொங்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். பெரும்பாலும் தாய் பேரிலோ, படகின் பேரிலோ, 'கிணத்தடி வீடு', 'மாதா கோயில் பின்னாடி' என்று இடத்தின் பேரிலோ பக்கம் தொடங்கும். அந்தப் பக்கத்தில் வாங்கியது, கொடுத்தது, பாக்கி மூன்றும் இருக்கும். அதுவே முகவரிப் புத்தகமும்கூட. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வீட்டு ஆள் வெளிநாட்டில், எந்தக் குடும்பம் சொன்ன தேதிக்குக் கொடுக்கும், யார் இழுத்தடித்தாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்பதெல்லாம் எழுதாமலே அதில் இருக்கும். ஒரு செயலி இவ்வளவையும் சேகரிக்கப் பல கோடி செலவழிக்க வேண்டும். அண்ணாச்சிக்கு முப்பது வருடம் கடையில் உட்கார்ந்ததே போதும்.

ஊரடங்கில் இந்த நோட்டோடு வாட்ஸ்அப் சேர்ந்துகொண்டது. எழுதத் தெரிந்த பிள்ளைகள் சிட்டை எழுதிப் படம் பிடித்து அனுப்புவார்கள். மற்றவர்கள் குரலில் பதிவு செய்து அனுப்புவார்கள். அந்தக் குரல் பதிவுகள் பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: "அண்ணாச்சி, துவரம்பருப்பு அரைக் கிலோ, உளுந்து கால், புளி நூறு, மொளகா வத்தல் நூறு, நல்லெண்ணெ வேணாம், கடலெண்ணெ அரை லிட்டரு, சோப்பு ஒண்ணு. பழைய பாக்கிய, படகு கடலுக்குப் போனதும் தந்துர்றேன். பையன கோயில் முக்குக்கு வரச் சொல்லவா?" இந்த ஒரு பதிவுக்குள் பட்டியல் இருக்கிறது, கடன் விண்ணப்பம் இருக்கிறது, தவணைத் தேதி இருக்கிறது, எங்கே வந்து கொடுப்பது என்ற பேச்சும் இருக்கிறது. கவனித்தீர்களானால் அளவு மாறியிருக்கிறது. வழக்கமாக நூறு நூறாக வாங்குகிறவர்கள் அரைக் கிலோ கேட்கிறார்கள். வண்டி வருவதற்காக இரண்டு மூன்று நாள் சாமானைச் சேர்த்துக் கேட்கிறார்கள். காசு கையில் இல்லாத நேரத்தில் அளவு கூடுகிறது என்றால், கூடிய அளவு அத்தனையும் அண்ணாச்சியின் முதலிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

பையன் நேராக வீட்டு வாசலுக்கு வருவதும் எல்லா இடத்திலும் நடக்கவில்லை. மணல் தெருக்களில் வண்டி புதையும். அதனால் கோயில் முக்கு, ஏலக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று வண்டி நிற்கும் இடம் தானாக உருவானது. எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் அரிசிச் சிப்பம், பின்னால் இரண்டு பக்கமும் பைகள், ஒவ்வொரு பை மேலும் பேனாவால் எழுதிய ஒரு பேர். இதை வீட்டு விநியோகம் என்று சொல்லலாமா என்றால், சொல்லலாம். கூட்டம் ஒரே கடையில் சேராமல் பத்து முக்குகளாகப் பிரிந்தது. தொற்றுக் கணக்கில் அதுதான் முக்கியம்.

அந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் நாம் பயந்தது ஒன்று, பயப்பட வேண்டியிருந்தது வேறு. 2020 மார்ச்சில் வந்த ஓர் ஆய்வு, கொரோனா கிருமி பிளாஸ்டிக்கின் மேல் மூன்று நாள் வரையும், அட்டையின் மேல் ஒரு நாள் வரையும், செம்பின் மேல் நான்கு மணி நேரம் வரையும் உயிர்ப்போடு இருக்கலாம் என்று சொன்னது. ஆய்வகத்தில் அளந்த அளவு அது. ஆனால் அந்தச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்தபோது, சாமான் பையே நோயைக் கொண்டுவரும் என்று ஆகிவிட்டது. பால் பாக்கெட்டை மஞ்சள் தண்ணீரில் முக்கினார்கள். வெங்காயத்தை வெயிலில் பரப்பினார்கள். காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவியவர்களும் உண்டு. சோப்போ கிருமிநாசினியோ போட்டுக் கழுவ வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது. உணவு வழியாகவோ பொட்டலம் வழியாகவோ பரவுவதற்கு ஆதாரம் இல்லை என்று பிறகு தெளிவானது. மேற்பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு ஒரு தடவைக்குப் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. நோய் பரவியது மூச்சுக் காற்றில், அதுவும் அடைசலான இடத்தில்.

அப்படியானால் ஊரடங்கு நேரக் கட்டுப்பாடுகளை எப்படி மதிப்பிடுவது? 2020 மார்ச் 29 முதல் கடைகள் பிற்பகல் 2.30 வரை என்றார்கள், ஏப்ரல் 5 முதல் 1 மணி வரை. 2021 மே 10 முதல் நண்பகல் 12 வரை, மே 15 முதல் காலை 6 முதல் 10 வரை. வாங்க வேண்டிய ஆட்கள் குறையவில்லை, நேரம்தான் குறைந்தது. அதே ஆட்கள் நான்கு மணி நேரத்துக்குள் அதே சந்துக்குள் நுழைய வேண்டியதாயிற்று. முழு ஊரடங்குக்கு முன்னால், 2021 மே 22, 23 இரண்டு நாளும் எல்லாக் கடைகளையும் திறக்க விட்டபோது கூட்டம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நேரத்தைச் சுருக்குவதைவிட ஆர்டரைப் பிரிப்பதுதான் பலன் தரும் என்பதை அரசு மே 31 உத்தரவில் ஒப்புக்கொண்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலையின் செலவு யார் தலையில் என்பது அந்த உத்தரவில் இல்லை.

செலவு பெரும்பாலும் சில்லறைக் கடைக்காரரின் தலையில் விழுந்தது. அவருக்கு மேலே மொத்தக் கடைக்காரர் இருக்கிறார். வழக்கமாக மொத்தக் கடையிலும் ஒரு வாரம், பத்து நாள் தவணை உண்டு. ஊரடங்கு வந்ததும் மொத்தக் கடைகள் ரொக்கம் கேட்டன. அவர்களுக்கும் லாரி வாடகை ஏறியிருந்தது, சரக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. கீழே கடன் கொடுக்க வேண்டும், மேலே ரொக்கம் கட்ட வேண்டும். இந்த இடுக்கில் நகையை அடகு வைத்துச் சரக்கு எடுத்த கடைக்காரர்கள் உண்டு. விலையை ஏற்றிச் சம்பாதித்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடன் வாங்குகிறவர் விலை பேச முடியாது. போன மாதம் வாங்கிய அதே பருப்புக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டால், அடுத்த முறை குரல் பதிவுக்குப் பதில் வராது. பற்று நோட்டைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சரக்கு வரும் பாதையைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தக் கரையில் விளைவது மீன், பனை, உப்பு, முண்டு மிளகாய், மானாவாரி நெல். காய்கறிக்கு மதுரை, ஒட்டன்சத்திரம் பக்கத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும். பாம்பன் தீவுக்கு உள்ளே போக 1988இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் சாலை வழி. ரயில் நின்றுவிட்டதால் எல்லாமே அந்தப் பாலத்தின் மேல்தான் போக வேண்டியிருந்தது. சோதனைச் சாவடியில் ஒரு தக்காளி வண்டி அரை நாள் நின்றால் தங்கச்சிமடத்தில் அன்றைக்கு ரசம் கிடையாது. தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் கஷ்டம். 1964 புயலுக்குப் பிறகு அங்கே ஊர் என்று இல்லை, ஆனால் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததே 2017இல்தான். சுற்றுலாப் பயணிகளுக்குச் சங்கும் பாசிமணியும் வறுத்த மீனும் விற்றுப் பிழைத்தவர்களுக்கு, பயணிகள் நின்றதும் வருமானமும் நின்றது, அவர்களோடு வந்த சரக்கு வண்டியும் நின்றது.

தண்ணீரைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் எதையும் எழுத முடியாது. வீட்டு வாசலுக்கு வரும் முதல் சரக்கு இங்கே எப்போதுமே தண்ணீர்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டிகளும் டேங்கர் லாரிகளும் வரும். கையைக் கழுவு, அடிக்கடி கழுவு என்று எல்லா போனிலும் அழைப்புக்கு முன்னால் ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் இங்கே இருந்தன. கை கழுவுவதா, அரிசி களைவதா என்பது அங்கே உண்மையான கேள்வி. பெண்கள் தள்ளுவண்டியோடு ஊற்றுக்கும் குழாயடிக்கும் போவதை எந்த ஊரடங்கும் நிறுத்தவில்லை, நிறுத்தியிருக்கவும் முடியாது. கூட்டத்தைக் கடையடியில் கலைத்தோம், குழாயடியில் விட்டுவிட்டோம்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் நிலவரம் வேறு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் வீட்டு ஆண்கள் இருக்கும் ஊர்கள் இவை. வீட்டில் இருக்கும் பெண்கள் கடைக்குப் போகாமல் கடைப் பையனிடம் சொல்லி வாங்குவது கொரோனாவுக்கு முன்பே பழக்கம். "தம்பி, லாத்தா வீட்டுக்கு ரெண்டு தேங்கா கொண்டா" என்று போனில் சொன்னால் போதும். மாதா மாதம் வெளிநாட்டுப் பணம் வந்ததால் மாதச் சாமானும் உண்டு. ஆகவே 2020 ஏப்ரலில் இங்கே பெரிய தடுமாற்றம் இல்லை. தடுமாற்றம் பின்னால் வந்தது, அங்கே வேலை போய் ஆட்கள் திரும்பியபோது. துபாயில் இருந்துகொண்டே ஊரில் உள்ள கடைக்குப் போன் வழியாகப் பணம் கட்டுகிறவர்கள் அதுவரை நல்ல வாடிக்கையாளர்கள். திரும்பி வந்தவர்கள் அதே கடையில் பற்று தொடங்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு நோன்பு ஏப்ரல் 25 வாக்கில் தொடங்கியது. பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சி, சட்டி கொண்டுவந்து வாங்கிப் போவது இந்த ஊர்களில் எல்லாச் சமூகத்தாரும் அறிந்த வழக்கம். கூட்டம் கூடும் என்பதால் காய்ச்ச வேண்டாம் என்று முடிவானது. அரசு நோன்புக் கஞ்சிக்காகத் தரும் 5,450 டன் அரிசியைப் பள்ளிவாசல்கள் சிறு பைகளாகப் பிரித்து, தன்னார்வலர்கள் வழியாக வீடுகளுக்குக் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஜமாத்திடம் குடும்பவாரியாகப் பட்டியல் உண்டு. யார் ஏழை என்று புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ மீனவர் ஊர்களில் பங்குக் கோயிலும் ஊர்க் கமிட்டியும் இதே மாதிரி. அரசின் கையில் இல்லாத பட்டியல்கள் இவர்கள் கையில் இருந்தன. ஆனால் எந்தப் பட்டியலுக்கும் வெளியே ஆட்கள் இருப்பார்கள். சந்தா கட்டாத குடும்பம், ஊர் விலக்கம் பெற்ற குடும்பம், வெளியூரிலிருந்து வந்து வலை வேலை பார்க்கிறவர்கள், ராமேசுவரத்தில் ரயில் நின்று மாட்டிக்கொண்ட வடமாநில யாத்திரிகர்கள், ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளியோடு வந்து தங்கியவர்கள். இவர்களுக்குப் பற்று கிடையாது, ஜமாத் இல்லை, பங்கு இல்லை. சமைத்த சோற்றுப் பொட்டலம்தான் வந்தது, அதுவும் யாராவது மனம் வைத்த நாளில்.

ரேஷனுக்கு வருவோம். என் மதிப்பீட்டில் இந்தக் கரையைப் பட்டினியிலிருந்து காத்ததில் பாதிப் பங்கு அதற்குத்தான். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெயும். நாள், நேரம் குறித்த டோக்கனை வீடு வீடாகக் கொடுத்தார்கள். 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய், ஜூனில் கோதுமை மாவு, ரவை, புளி, டீத்தூளில் தொடங்கி துணி சோப்பு வரை 14 பொருள் அடங்கிய பை. வீட்டுக்கு வந்தது டோக்கன்தான், சாமானை நாம்தான் போய் எடுத்தோம். ஆனால் எப்போது போக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால் வரிசை கலைந்தது. சொல்லப்போனால், வீட்டு விநியோகம் சாதிக்க நினைத்ததைப் பெட்ரோல் செலவில்லாமல் சாதித்தது ஒரு துண்டுச் சீட்டு. பலசரக்குக் கடைகளுக்கும் தெருவாரியாக நேரச் சீட்டு என்று செய்து பார்த்திருக்கலாம். சில மாவட்டங்களில் குடும்பத்துக்கு ஒரு வண்ண அட்டை கொடுத்து, வாரத்தில் இன்ன நாள் இன்ன நிறம் என்று செய்தார்கள். யோசனை நல்லது, நடத்த ஆள் வேண்டும்.

கொள்ளைநோய்க்காக ஆட்களை அடைத்துச் சோறு போட்ட அனுபவம் இந்தக் கரைக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களைத் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றும் முன், காலரா, அம்மை பயத்தில் மண்டபத்தில் முகாம் போட்டுத் தங்க வைத்தார்கள். வெளியே போகக் கூடாது என்று சொன்னவர்களே உள்ளே சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அங்கே நடந்தது கருணை இல்லை, தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கு. ஆனாலும் அடைத்தவர் பொறுப்பு என்ற அளவில் தெளிவாக இருந்தது. மண்டபத்தில் பின்னாளில் இலங்கை அகதிகளுக்கான முகாம் அமைந்தது. கொரோனா காலத்தில் முகாமுக்குள் சரக்கு வந்த வழியும் வெளியே வந்த வழியும் ஏறக்குறைய ஒன்றுதான்: ரேஷன், பற்று, தொண்டு நிறுவனத்துப் பை. கூலி வேலைக்கு வெளியே போக முடியாமல் போனது முகாம்காரர்களை இன்னும் இறுக்கியது.

எதிர்த் திசையில் போன சரக்கு ஒன்றும் உண்டு, அதை யாரும் விநியோகம் என்று கணக்கில் எழுதுவதில்லை. அலுமினியச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி உள்பகுதி ஊர்களுக்கு மீன் கொண்டுபோய் வாசலில் விற்கும் பெண்கள்தான் இந்த மாவட்டத்தின் மிகப் பழைய டெலிவரிக்காரர்கள். பஸ் நின்றதும் அவர்களுக்கு எல்லாம் நின்றது. நாட்டுப்படகு மீன் கரையில் இருந்தது, பரமக்குடிப் பக்கம் வாங்க ஆள் இருந்தார்கள், நடுவில் பஸ்தான் இல்லை. நான்கு பேர் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் வாடகையிலேயே லாபம் போய்விடும், வழியில் போலீஸ் நிறுத்தினால் மீனும் போய்விடும். அத்தியாவசியப் பொருள் என்று வண்டிக்குச் சீட்டு ஒட்டிய லாரிக்குக் கிடைத்த வழி, சட்டி சுமந்தவருக்குக் கிடைக்கவில்லை. விற்காத மீன் கருவாடு ஆனது. அந்தக் கருவாட்டைக் கொடுத்துப் பலசரக்கு வாங்கிய வீடுகளும் உண்டு.

பிறகு என்ன மிஞ்சியது? கடை திறந்ததும் வாட்ஸ்அப் சிட்டை குறைந்தது, ஒழியவில்லை. ராமநாதபுரம், ராமேசுவரம், கீழக்கரை மாதிரி ஊர்களில் போன் ஆர்டர் எடுக்கும் கடைகள் நிலைத்துவிட்டன. குப்பங்களில் பழையபடி பையன் கையில் 50 ரூபாயைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அரசுப் பக்கத்தில் இரண்டு விஷயம் நடந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தாயுமானவர் திட்டம் தொடங்கியது: 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தின் இரண்டாவது சனி, ஞாயிறுகளில் ரேஷன் பொருள் வண்டியில் வீட்டுக்கே வரும் என்று அப்போது அறிவித்தார்கள். கொரோனாவில் நடக்க முடியாமல் வரிசையில் நின்ற முதியவர்களை நினைத்தால் இது ஐந்து வருடம் தாமதம். ஆனாலும் இந்தக் கரைக்கு இதில் பெரிய பலன் ஒன்று இருக்கிறது. எந்தத் தெருவில் வண்டி போகும், எந்த மணல் தெருவில் போகாது, எந்த முக்கில் நின்றால் எத்தனை வீட்டுக்கு எட்டும் என்பது மாதா மாதம் ஒருவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அடுத்த தொற்றோ அடுத்த புயலோ வரும்போது முதலில் கேட்க வேண்டியது அந்த வண்டி ஓட்டுகிறவரிடம்தான்.

ரொக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஏப்ரல் 15 என்பது ஊருக்கே தெரிந்த தேதி, எந்தப் பெருந்தொற்றும் அதை மாற்றி வைக்கவில்லை. தடைக்கால நிவாரணம் அதற்கு முந்தின வாரமே வங்கிக் கணக்கில் விழுந்தால், அண்ணாச்சி பழைய பாக்கியில் பாதியைப் பார்ப்பார், அந்தக் காசில் மொத்தக் கடையில் சரக்கு எடுப்பார், எக்ஸெல்லுக்குப் பெட்ரோலும் போடுவார். தாமதமாக விழுந்தால், எத்தனை வண்டிக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தாலும் அதில் ஏற்றச் சரக்கு இருக்காது. நெருக்கடிக் காலத்துக்கு என்று தனித் திட்டம் தேடுகிறவர்கள் மீன்வளத் துறையின் அந்தப் பட்டுவாடா தேதியிலிருந்து தொடங்கலாம்.